உருக்குவதற்கு முன்னால் ஒரு வழி

எங்கள் ஷெட்டுக்குப் புதுச் சரக்கு எதுவும் வருவதில்லை. லாரியிலிருந்து இறங்குவதெல்லாம் யாரோ கழற்றிப் போட்ட செல்ஃப் மோட்டாரும் டைனமோவும்தான். கிரீஸ், டீசல், செம்மண் மூன்றும் அப்பிக் கெட்டிப்பட்டிருக்கும். வண்டி எந்தப் பக்கம் ஓடியது என்று எங்கள் பையன்கள் மண்ணின் நிறத்தை வைத்தே பந்தயம் கட்டுவார்கள். சாம்பல் பொடி என்றால் சிமென்ட் லாரி, அரியலூர்ப் பக்கம். அலுமினிய மூடி வெள்ளையாகப் பூத்து, போல்ட் எல்லாம் துருவேறியிருந்தால் மீன் வண்டி, நாகப்பட்டினமோ ராமேஸ்வரமோ.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், வாகன மின் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனிக்காகப் பழையவற்றைத் திரும்ப வாங்கிப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, மறுபடி கட்டி அனுப்பும் பிரிவைப் பல வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். மெயின் ஃபேக்டரியில் இருப்பவர்கள் எங்களைக் காயலான் கடை என்று கிண்டல் செய்வார்கள். காயலான் கடையில் எடை போட்டு வாங்குவார்கள். எங்களிடம் தராசே கிடையாது. சொல்லப்போனால் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததே அந்தத் தராசைப் பற்றித்தான்.

ரிவர்ஸ் லாஜிஸ்டிக்ஸ் என்று இப்போது கருத்தரங்குகளில் பேசுகிறார்கள். பேருக்கு மிரள வேண்டாம். வண்டிக்கோ வீட்டு இன்வெர்ட்டருக்கோ பேட்டரி வாங்கிய எல்லாருக்கும் அது தெரியும். கடைக்காரர் இரண்டு விலை சொல்வார்: பழசைக் கொடுத்தால் இவ்வளவு, வெறுங்கையோடு வந்தால் இவ்வளவு. நீங்களும் பழைய பேட்டரியை ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் வைத்து எடுத்துப் போயிருப்பீர்கள். தொழிற்சாலையிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து வீட்டுக்கு என்று சரக்கு போகும் அதே பாதையில் பழசு எதிர்த்திசையில் நடந்து தொழிற்சாலைக்குத் திரும்புவதுதான் சமாச்சாரம். பழைய பேட்டரியை விற்பனையாளர் திரும்ப வாங்கியே ஆக வேண்டும் என்று 2001-லேயே மத்திய அரசு விதி போட்டது. 2022-ல் வந்த புதிய விதிகள், அந்தப் பொறுப்பை உற்பத்தியாளரின் தலையில் இன்னும் அழுத்தமாக வைத்தன.

ஆனால் பேட்டரி திரும்பி வருவது விதிக்குப் பயந்து மட்டும் அல்ல. அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம். ஈயம் 327 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும், விறகடுப்பு போதும். அதில்தான் ஆபத்தும் இருக்கிறது. ஊருக்கு வெளியே ஒரு கொட்டகை, ஒரு இரும்புச் சட்டி, அமிலத்தைக் கொட்ட ஒரு வாய்க்கால் என்று கள்ளத்தனமாக உருக்குபவர்கள் முறையான ஆலையைவிட அதிக விலை கொடுத்துப் பழைய பேட்டரியை வாங்க முடியும்; புகை வடிகட்டிக்கோ கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கோ அவர்கள் செலவழிப்பதில்லையே. உலகத்தில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில், அதாவது ஏறக்குறைய 80 கோடிக் குழந்தைகளின் ரத்தத்தில், கவலைப்படும் அளவில் ஈயம் இருக்கிறது என்று யூனிசெஃபும் பியூர் எர்த் அமைப்பும் 2020-ல் வெளியிட்ட அறிக்கை சொன்னது. முறையில்லாத பேட்டரி மறுசுழற்சியை அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்றாகக் காட்டியது. ஆக, திரும்பி வந்தால் மட்டும் போதாது, எங்கே திரும்புகிறது என்பதும் முக்கியம்.

இனி எங்கள் சரக்குக்கு வருகிறேன்.

லாரியில் சாவி திருப்பினால் இன்ஜினைச் சுற்றிக் கிளப்புவது ஸ்டார்ட்டர் மோட்டார். நம் ஊரில் அதற்குப் பெயர் செல்ஃப். ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவது ஆல்டர்னேட்டர். அதைப் பழைய டிரைவர்கள் இன்னும் டைனமோ என்றுதான் சொல்கிறார்கள். செல்ஃப் எடுக்கவில்லை என்றால் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கழற்றிப் பார்ப்பார். தன்னால் முடிந்தால் சரி செய்வார். முடியாவிட்டால் டீலர் கடையில் பழசைக் கொடுத்துவிட்டு, எங்கள் ஷெட்டில் திருப்பிக் கட்டிய ஒன்றை வாங்கி மாட்டுவார். அந்தப் பழசுக்கு எங்கள் பாஷையில் 'கோர்', பேச்சுவாக்கில் 'பெட்டி'.

கோர் உள்ளே வந்ததும் முதலில் அதற்கு ஒரு அலுமினிய வில்லை கட்டுவோம். டீலர் எண், வந்த தேதி, பாக எண். இந்த வில்லை இல்லாமல் ஒரு பெட்டி உள்ளே போய்விட்டால் அப்புறம் அது யாருடைய பணம் என்று கண்டுபிடிக்க முடியாது. பிறகு கவுண்டர் பரிசோதனை: ஷாஃப்ட் கையால் சுற்றுகிறதா, மூடியில் விரிசல் உண்டா, பினியன் பல் உடைந்திருக்கிறதா, மேலே உட்காரும் சொலினாய்டு சுவிட்ச் இருக்கிறதா, ஏற்கெனவே யாராவது பிரித்து உள்ளே கைவைத்திருக்கிறார்களா. இதெல்லாம் இரண்டு மூன்று நிமிட வேலை. இதைச் செய்பவர்தான் எங்கள் ஷெட்டின் முதலாளி என்று நான் சொல்வேன். எங்களுடைய கவுண்டரில் இருக்கும் அம்மா, பெட்டியைத் தூக்கும்போதே உள்ளே சுற்றும் ஆர்மேச்சர் எரிந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவார். மூக்குதான் கருவி. எரிந்த வார்னிஷ் வாசனை மாதக்கணக்கில் போகாது.

பிரிப்பது சுலபம். நீளமாக இரண்டு போல்ட், அவற்றைக் கழற்றினால் முன் மூடி, உடம்பு, பின் மூடி என்று மூன்றாகப் பிரிந்துவிடும். மூடிகளை வெந்நீர்க் காரக் கரைசலில் கழுவுவோம். ஆர்மேச்சரை அதில் நனைக்கவே கூடாது. காயில் கட்டு கெட்டுவிடும். அதைத் துடைத்து, காற்றடித்து, அடுப்பில் காயவைக்க வேண்டும். கழுவும் தொட்டியில் தேங்கும் சேற்றை நம் இஷ்டத்துக்குக் கொட்ட முடியாது. அது அபாயக் கழிவு. கணக்கெழுதி, டிரம்மில் அடைத்து, கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயக் கழிவு மையத்துக்கு அனுப்ப வேண்டும். பழசைப் புதுப்பிப்பது பசுமையான தொழில் என்று பேசுகிறவர்கள் இந்தச் சேற்றைப் பற்றிப் பேசுவதில்லை.

அடுத்தது ஆர்மேச்சர். கிரவுலர் என்று ஒரு கருவி உண்டு, ஆங்கில வி எழுத்து மாதிரி வாய் திறந்த மின்காந்தம். அதில் ஆர்மேச்சரை உட்காரவைத்து, மேலே ஒரு ஹேக்ஸா பிளேடை லேசாகப் பிடித்துச் சுற்ற வேண்டும். உள்ளே இரண்டு சுற்றுக் கம்பி ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் பிளேடு கர்ரென்று அதிரும். அதிராவிட்டால் ஆர்மேச்சர் நல்லது. கார்பன் பிரஷ் உராயும் செம்பு வளையத்தை லேத்தில் மாட்டி மெல்லிசாகச் சீவி, செம்புத் துண்டுகளுக்கு நடுவில் இருக்கும் மைக்காவைக் கொஞ்சம் பள்ளமாக அறுத்துவிட வேண்டும். மைக்கா செம்பைவிடக் கடினம். அது மேலே துருத்திக்கொண்டிருந்தால் பிரஷ் குதிக்கும், தீப்பொறி பறக்கும். இந்த ஒரு வேலையைச் சோம்பல்பட்டு விட்டுவிடுவதால்தான் ரோட்டோரத்தில் ரீகண்டிஷன் செய்த செல்ஃப்கள் சீக்கிரம் திரும்பி வந்துவிடுகின்றன.

பிரஷ், ஸ்பிரிங், புஷ், ஆயில் சீல் ஆகியவை எப்படி இருந்தாலும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு போடுவோம். பினியனோடு வரும் கிளட்ச் ஒரு பக்கம் மட்டும்தான் சுற்ற வேண்டும், மறுபக்கம் பிடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் சுற்றினால் கழிவு. எல்லாம் கட்டி முடித்ததும் டெஸ்ட் பெஞ்ச்: சும்மா ஓடும்போது எவ்வளவு ஆம்பியர் இழுக்கிறது, பிடித்து நிறுத்தினால் எவ்வளவு முறுக்கு தருகிறது. புதுசுக்கு என்ன அளவோ அதேதான் இதற்கும். வாரண்டியும் அதேதான்.

இப்போது தராசுக் கணக்கு. இந்த செல்ஃபை உடைத்துக் காயலான் கடையில் போட்டால் செம்பு, அலுமினியம், இரும்பு மூன்றுக்கும் கிலோ விலை கிடைக்கும். ஆனால் அந்த ஆர்மேச்சரில் தகடு வெட்டி அடுக்கியது, கம்பியை வளைத்துச் சொருகியது, ஷாஃப்டை நூலிழை சுத்தமாகக் கடைந்தது, பல் வெட்டிப் பதமிட்டது, மூடியை டை-காஸ்டிங்கில் வார்த்துத் துளையிட்டது என்று எத்தனையோ இயந்திரங்களும் கைகளும் செய்த வேலை இருக்கிறது. உருக்கினால் உலோகம் மட்டும் திரும்பும். வேலை முழுக்க ஆவியாகிவிடும். சரிகைக்காகப் பட்டுப்புடவையைக் கொளுத்துகிற கணக்குதான்.

உருக்குவதிலும் ஒரு சிக்கல் இருப்பது வெளியில் அதிகம் பேருக்குத் தெரியாது. செல்ஃப் மோட்டாரைப் பிரிக்காமல் அப்படியே இரும்புக் கழிவோடு உலையில் போட்டால், அதிலுள்ள செம்பு எஃகில் கலந்துவிடும். கலந்தால் கலந்ததுதான். மற்ற பல அசுத்தங்களை ஆக்சிஜன் ஊதிக் கசடாக ஒதுக்கிவிடலாம். ஆனால் செம்புக்கு முன்னால் இரும்பே எரிந்துவிடும் என்பதால் செம்பை அப்படி வெளியேற்ற முடியாது. செம்பு கூடிப்போன எஃகைச் சூடாக்கி உருட்டும்போது, மேல்பரப்பில் இரும்பு செதிலாக உதிர, பின்தங்கிய செம்பு உருகி எஃகின் மணிகளுக்கு இடையில் புகுந்து வெடிப்பு விடும். உலகமெங்கும் பழைய காரை நசுக்கித் துண்டாக்கும் இடங்களில் வயரிங்கையும் மோட்டார்களையும் முதலில் பிடுங்கி எடுக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். கார் பாடிக்கான தகடு வேண்டியவர்கள் இப்படிப்பட்ட எஃகைத் தொட மாட்டார்கள். அது கட்டடக் கம்பியாகப் போய்ச் சேரும்.

அலுமினியம் இந்த விஷயத்தில் சாது. தாதுவிலிருந்து அலுமினியம் எடுக்க ஆகும் ஆற்றலில் ஏறக்குறைய 5 சதவீதம் போதும், பழசை உருக்க. டை-காஸ்டிங் கடைகளில் அதிகம் புழங்கும் ஏ.டி.சி.12 என்ற கலவையே பெரும்பாலும் பழைய அலுமினியத்திலிருந்து வருவதுதான். அதில் இரும்பு ஒரு சதவீதத்துக்கும் கொஞ்சம் மேலே போனாலும் ஏற்றுக்கொள்வார்கள். வார்ப்பு டையில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அந்த இரும்பு உதவவும் செய்கிறது. விரிசல் விட்ட எங்கள் மூடிகள் அங்கேதான் போகின்றன. ஒன்று மட்டும் கவனம்: ஈரம் இருக்கக் கூடாது. கூலன்ட் சொட்டும் சீவலை உருகிய அலுமினியத்தில் கொட்டினால் நீர் ஒரு நொடியில் நீராவியாகி உலை வெடித்துச் சிதறும்.

ஆக எங்கள் வரிசை இது: கட்ட முடிந்தால் கட்டு, முடியாவிட்டால் பாகத்தைக் கழற்றி இன்னொன்றுக்குப் போடு, அதுவும் முடியாவிட்டால்தான் உலை. இதில் நாங்கள் ஒன்றும் முன்னோடிகள் இல்லை. ரெனோ நிறுவனம் பாரிஸுக்குப் பக்கத்தில் ஷுவாசி-லெ-ருவா என்ற ஊரில் 1949 முதல் பழைய இன்ஜின், கியர் பாக்ஸ்களைத் திருப்பிக் கட்டியது. போர் முடிந்து எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு இருந்த காலம் அது. சுற்றுச்சூழல் என்ற பேச்சே அன்று கிடையாது. அந்த வேலையைப் பிற்பாடு ஃப்ளான் நகரத்தில் உள்ள தன் பெரிய கார் ஆலைக்கே ரெனோ மாற்றிக்கொண்டது. அமெரிக்காவில் கேட்டர்பில்லர் 1973-ல் இதைத் தொடங்கியது. இவர்கள் எல்லாருக்கும் பொதுவான தந்திரம் ஒன்றே ஒன்று: முன்பணம்.

அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு புது செல்ஃப் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருப்பிக் கட்டியது 6,000. வாங்குகிறவரிடம் 8,000 வாங்குவோம்; பழசைக் கொண்டுவந்து கொடுத்தால் 2,000 திருப்பித் தருவோம். அந்த 2,000-தான் பழசை அரியலூரிலிருந்து அம்பத்தூருக்கு இழுத்து வருகிறது. தொகை குறைவாக இருந்தால் பழசு காயலான் கடைக்குப் போய்விடும். அதிகமாக இருந்தால் உடைந்தது, எரிந்தது, வேறு கம்பெனியுடையது எல்லாம் வந்து குவியும். செம்பு விலை ஏறும் மாதங்களில் எங்களுக்கு வரத்து குறைவதை வைத்தே சந்தை நிலவரத்தைச் சொல்லிவிடுவேன்.

முன்பணத்தில் எவ்வளவு திருப்பித் தருவது என்பதில்தான் தினமும் சண்டை. நாமக்கல்லிலிருந்து ஒரு டீலர் போனில்:

"ஏனுங்ணா, சுவிட்ச் ஒண்ணுதானுங்க இல்ல. மத்ததெல்லாம் அப்படியே இருக்குதுங்களே, பாதிக் காசப் புடிச்சா எப்படிங்க?"

"சுவிட்ச் இல்லாட்டி பாதிதான் தம்பி. பட்டியல்லயே போட்டிருக்கே."

"கழட்டுன எலக்ட்ரீஷியன் எடுத்து வச்சுக்கிட்டானுங்க. அதுக்கு அவங்கிட்டப் போயி நான் சண்ட போட முடியுங்களா?"

அவர் சொன்னது நியாயம். சுவிட்சைக் கழற்றி வைத்துக்கொண்ட எலக்ட்ரீஷியன் தப்பு செய்யவில்லை. நாளைக்கு நடுராத்திரியில் ஒரு லாரி சுவிட்ச் போய் நின்றால் அவரிடம் ஒன்று இருக்க வேண்டுமே. எங்கள் திட்டத்தில் டீலருக்கு லாபம் உண்டு, லாரி உரிமையாளருக்கு லாபம் உண்டு. வண்டிக்கடியில் படுத்துக் கழற்றுகிற மனிதருக்கு எதுவும் இல்லை. முழுசாக வரும் ஒவ்வொரு கோருக்கும் கழற்றியவருக்குச் சின்னத் தொகை டீலர் கையிலிருந்தே கொடுக்கும்படி மாற்றினோம். சுவிட்ச் இல்லாத பெட்டிகள் குறைந்துவிட்டன. கணினி மென்பொருள், கியூ.ஆர். குறியீடு என்று என்னென்னவோ வாங்கினார்கள். அவற்றையெல்லாம்விட இந்த மாற்றம்தான் வேலை செய்தது என்பது என் அபிப்பிராயம்.

போகும் பாதையோடு ஒப்பிட்டால் திரும்பும் பாதை ஏன் இத்தனை கரடுமுரடு என்பதும் இங்கேதான் புரியும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் இருக்கும் கார் ஆலைகளுக்கு உதிரி பாகம் போவதைப் பாருங்கள். எந்த நாள், எந்த மணி, எத்தனை என்று முன்கூட்டியே தெரியும். மில்க் ரன் என்று ஒரே வண்டி நாலைந்து சப்ளையர்களிடம் வரிசையாக ஏற்றிக்கொண்டு போகும். இறக்கிவிட்டுக் காலிப் பிளாஸ்டிக் தொட்டிகளான பின்களை ஏற்றித் திரும்பும். மடக்கும் பின் என்றால் காலியாக வரும்போது இடம் மிச்சம். அட்டைப் பெட்டியும் மரப் பெட்டியும் குப்பைக்குப் போவதை இது நிறுத்தியது. உதிரி பாகத் தொழிலில் நன்றாக வேரூன்றிய திரும்பும் பாதை இதுதான். (அப்படியும் பின் காணாமல் போகும். நெடுஞ்சாலை டீக்கடையில் வெங்காயம் கொட்டிவைத்திருந்த நீலப் பின்னில் எங்கள் கம்பெனிப் பெயரைப் பார்த்திருக்கிறேன். டீ நன்றாக இருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை.)

பழசு அப்படி ஒழுங்காக வராது. எந்த ஊரிலிருந்து, என்றைக்கு, எந்த நிலையில் வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒன்றிரண்டாக வரும். அதற்காகத் தனி லாரி அனுப்பினால் கட்டுப்படியாகாது. அதனால் டீலருக்குச் சரக்கு கொண்டுபோன வண்டியே திரும்பும்போது ஏற்றிவர வேண்டும். டிரைவருக்கு அதில் ஆர்வமில்லை; எண்ணெய் சொட்டும் பெட்டியை ஏற்றினால் அடுத்த சுமைக்காரர் சண்டை போடுவார். தட்டு வைத்த மூடிய பெட்டி கொடுத்த பிறகுதான் ஒத்துக்கொண்டார்கள்.

காகிதம் வேறு. இது கழிவா, சரக்கா? கழிவு என்றால் ஒரு வரி எண், சரக்கு என்றால் இன்னொன்று. 2024 அக்டோபரிலிருந்து, ஜி.எஸ்.டி. பதிவில்லாதவரிடம் உலோகக் கழிவு வாங்கினால் வாங்குகிறவரே வரி கட்ட வேண்டும். வெளியில் கடைசல் வேலைக்கு அனுப்பிய மூடி ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய அன்றே விற்றுவிட்டதாகக் கணக்கு. எங்கள் அக்கவுண்ட்ஸ் தம்பி, செல்ஃப் மோட்டாரைவிட அதன் சலானைத்தான் அதிகம் பிரித்துக் கட்டியிருக்கிறார்.

சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. எந்தக் காரின் எந்தக் கதவும், எந்த மிரரும் அங்கே கிடைக்கும். சட்டம் பேசுகிறவர்கள் அந்த இடத்தைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். நான் அப்படிப் பார்ப்பதில்லை. பழைய பாகத்தின் மதிப்பை எடையால் அல்லாமல் உருவத்தால் கணித்து விற்கும் கலையைக் கம்பெனிகளுக்கு முன்பே கற்றவர்கள் அங்கே இருக்கிறார்கள். அதே சமயம் இந்தத் தொழிலின் இருண்ட பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கம்பெனி முத்திரையோடு இருக்கும் பழைய உடம்பைக் கழுவி, வர்ணம் அடித்து, போலிப் பெட்டியில் போட்டுப் புதுசு என்று விற்பவர்கள் உண்டு. பிரேக் பாகத்தில் இப்படிச் செய்தால் உயிர் போகும். அதனால்தான் பெரிய ஆலைகளில், தரம் தவறிய பாகத்தைத் தரப் பிரிவு ஆள் முன்னிலையில் அறுத்தோ நசுக்கியோதான் கேட்டுக்கு வெளியே விடுவார்கள். பழசைத் திரும்ப வாங்குவதில் கம்பெனிக்கு இருக்கும் அக்கறையில் பாதி, அது போலிக்காரர் கையில் சேரக் கூடாது என்பதுதான்.

மீதிப் பாதி அக்கறை, பழசு சொல்லும் சேதியில் இருக்க வேண்டும். வாரண்டிக்குள் திரும்பி வரும் பெட்டிகளை நாங்கள் தனி மேசையில் பிரிப்போம். செம்பு வளையத்தின் ஓரத்தில் ஈயப்பற்று உருகித் தெறித்து மூடியின் உட்புறம் புள்ளி புள்ளியாக ஒட்டியிருந்தால், இன்ஜின் கிளம்பாதபோது டிரைவர் சாவியை விடாமல் பிடித்திருக்கிறார். சுவிட்சின் செம்பு முனை பொடிப்பொடியாகக் கருகியிருந்தால் செல்ஃபில் குற்றமில்லை. எர்த் கேபிள் தளர்ந்து, மின்னழுத்தம் பற்றாமல் சுவிட்ச் டக்டக்கென்று அடித்துக்கொண்டிருக்கிறது. கடலோரத்துப் பெட்டிகளில் மூடி இணையும் இடத்தில்தான் துரு புகுகிறது என்று ஒரே மாதிரி பார்த்துப் பார்த்து, சீல் மாற்றச் சொல்லி எழுதினோம், மாற்றினார்கள். கம்ப்யூட்டரில் வரும் புகார் எண்ணிக்கையில் இது தெரியாது. கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இனி அரசாங்கத் தராசு. 2025 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஆயுள் முடிந்த வாகனங்களுக்கான விதிகளை வெளியிட்டது; ஏப்ரல் 1 முதல் நடைமுறை. சொந்த வண்டி என்றால் 20 ஆண்டுக்கு முன்பும், போக்குவரத்து வண்டி என்றால் 15 ஆண்டுக்கு முன்பும் தான் சந்தையில் விட்ட வாகனங்களில் இருந்த எஃகில், குறைந்தது 8 சதவீதம் மீட்கப்பட்டதற்கு வாகனக் கம்பெனி சான்று காட்ட வேண்டும். 2030-31-லிருந்து 13 சதவீதம், 2035-36-லிருந்து 18. பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையங்களிடமிருந்து அந்தச் சான்றை வாங்கிக்கொள்ளலாம். நல்ல தொடக்கம். ஐரோப்பா 2000-லேயே இப்படிச் சட்டம் போட்டு, 2015-லிருந்து வண்டி எடையில் 95 சதவீதம் மீட்க வேண்டும், அதில் மறுபயன்பாடும் மறுசுழற்சியும் 85 சதவீதம் இருக்க வேண்டும் என்றது. ஜப்பானில் 2005-லிருந்து கார் வாங்கும்போதே மறுசுழற்சிக் கட்டணத்தையும் வாங்குகிறவர் கட்டிவிட வேண்டும்.

நம்முடைய கணக்கு எஃகின் எடை. எடைக் கணக்கில், நசுக்கி உருக்கிய செல்ஃபுக்கும் கழற்றித் திருப்பிக் கட்டிய செல்ஃபுக்கும் வித்தியாசம் கிடையாது. சொல்லப்போனால் நசுக்கியதற்குச் சான்று உண்டு. நான் கட்டி அனுப்பியது லாரியில் ஓடிக்கொண்டிருப்பதால் அந்தக் கணக்கிலேயே வராது. இதில்தான் எனக்கு மனத்தாங்கல். உடைப்பு நிலையங்கள் பெருகப் பெருக, ஓட்டுநர் இருக்கை முதல் டைனமோ வரை கழற்றுவதற்கு ஆள் போடாமல், வண்டியை அப்படியே நசுக்குவதுதான் லாபம் என்று ஆகிவிடக் கூடாது. கழற்றி விற்கும் பாகத்துக்கும் ஒரு மதிப்பெண் கொடுத்தால் நிலைமை மாறும்.

மின்சார வண்டி வந்தால் எங்கள் பிழைப்பு என்ன ஆகும் என்று கேட்பவர்கள் உண்டு. அதில் செல்ஃபும் இல்லை, டைனமோவும் இல்லை. ஆனால் பெரிய மோட்டார் இருக்கிறது, பெரும்பாலும் அதற்குள் நியோடிமியம் காந்தம் இருக்கிறது. 2025 ஏப்ரலில் சீனா இந்த வகைக் காந்தங்களுக்கும் அதற்கான சில அரிய மண் தனிமங்களுக்கும் ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்றதும், இந்திய வாகனக் கம்பெனிகள் எங்கே காந்தம் கிடைக்கும் என்று அலைந்தன. அப்படிப்பட்ட பழைய மோட்டார் ஒவ்வொன்றிலும் அந்தக் காந்தம் கெடாமல் உட்கார்ந்திருக்கிறது. எடுப்பதுதான் கஷ்டம்: பசை வைத்து ரோட்டருக்குள் செருகியிருக்கிறார்கள், சூடாக்கித் தள்ள வேண்டும், சுத்தியால் தட்டினால் பிஸ்கட்டாக நொறுங்கும். மின்சார வண்டியின் பேட்டரியோ இன்னும் பெரிய விவகாரம். அடிபட்ட லித்தியம் பேட்டரியைச் செல்ஃப் மோட்டார் மாதிரி தட்டில் அடுக்கி வேறு சரக்கோடு ஏற்ற முடியாது. தனிப் பெட்டி, தனி வண்டி, தீ எச்சரிக்கை. திரும்பும் பாதையின் செலவைப் புது வண்டியின் விலையிலேயே சேர்க்காவிட்டால் பின்னால் யார் தலையிலாவது விழும்.

இதனால் எங்கள் சண்டை இப்போது டிசைன் பிரிவோடு. பழைய மாடலில் சொலினாய்டு மூடி ஸ்க்ரூவில் இருந்தது. செலவு மிச்சம் என்று புது மாடலில் விளிம்பை மடக்கி நசுக்கிவிட்டார்கள். அதைத் திறக்க விளிம்பை லேத்தில் அறுக்க வேண்டும். அறுத்தால் மூடி போச்சு. நாலு ஸ்க்ரூ சில ரூபாய். நாங்கள் தூக்கிப் போடும் சொலினாய்டு அதைப்போல் பல மடங்கு. ஒரு மாதத்தில் இப்படிக் கழிந்த சொலினாய்டுகளை இரண்டு பின்களில் நிரப்பி டிசைன் பிரிவின் மீட்டிங் அறைக்கே தள்ளிக்கொண்டு போனோம். அங்கே இருந்த இளைஞர் ஒருவர், "சார், ஃபேக்டரிக்குச் செலவு கூடும், மிச்சம் உங்க ஷெட்டுக்குத்தானே போகும்?" என்றார். சரியான கேள்வி. இரண்டும் ஒரே கம்பெனியின் பணம் என்றாலும் இரண்டு தனிக் கணக்கு. செலவழிக்கிறவர் ஒரு பிரிவு, மிச்சம் பிடிக்கிறவர் இன்னொரு பிரிவு. கடைசியில் நிதிப் பிரிவுத் தலைவரை அழைத்து, எங்கள் மிச்சத்தில் ஒரு பங்கை அவர்கள் கணக்கில் எழுத ஒப்புக்கொண்ட பிறகுதான் படம் மாறியது.

அடுத்து வரும் மாடலில் மூடி ஸ்க்ரூவில்தான் வருகிறது. காந்தம் வைத்த மோட்டாருக்கு இன்னும் பசைதான். அதைப் பற்றிப் பேச வரும் மாதம் இன்னொரு மீட்டிங் இருக்கிறது, இந்தத் தடவை நொறுங்கிய ரோட்டர்களை எடுத்துப் போகிறோம்.